கிராமத்து வீட்டில் டிவியும் ரேடியோவும் தெளிவாக எடுக்க

மாடியில் பழைய மீன்முள் ஆன்டெனா இன்னும் நிற்கிறதா? அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை, பூஸ்டர் மாட்டுவதிலும் பயனில்லை. தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை, முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. வராத அலையைப் பூஸ்டர் எப்படிப் பெருக்கும்? ஆனால் அந்த அலுமினியக் குழாய்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ரேடியோ பகுதியில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

மாதச் சந்தா இல்லாமல் டிவி பார்க்க இன்று கிராமத்துக்கு ஏற்ற வழி டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. இப்போது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. முன்பு பொதிகையாக இருந்த டிடி தமிழ் கிடைக்கும், ஆகாசவாணியின் ரேடியோ சேனல்களும் கிடைக்கும். தனியார் தமிழ்ச் சேனல்களை நம்பி இதில் இறங்க வேண்டாம். பட்டியலில் இந்திதான் அதிகம். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

"எங்க ஊர்ல சிக்னல் வீக்" என்று சொல்லித்தான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு நகரம், கிராமம் என்ற பேதம் கிடையாது. சொல்லப்போனால் மாடிக் கட்டடங்கள் மறைக்காத கிராமத்து வானம் இதற்கு வசதியானது. சிக்னல் தொலைவதெல்லாம் நம் வீட்டு எல்லைக்குள்தான்: டிஷ்ஷின் சாய்வில், கேபிளின் முனையில், வீட்டுக் கரண்டில் வரும் இரைச்சலில்.

என்னென்ன வாங்க வேண்டும்

டிஷ் 60 செ.மீ. போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் நிற்கக் கூடாது என்றால் 75 அல்லது 90 செ.மீ. எடுங்கள். கனமழை இந்த அலைவரிசையை உறிஞ்சும். தட்டு பெரிதானால் கையிருப்புச் சிக்னல் கூடும், அதனால் மழையில் கொஞ்சம் இழந்தாலும் படம் ஓடும். வீட்டில் பழைய டிடிஎச் கம்பெனியின் தட்டு கிடந்தால் அதுவே ஆகும். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. நசுங்கி நெளிந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

எல்என்பி (தட்டுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு தலை): யுனிவர்சல், 9750/10600 என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு டிவிக்குத் தனித்தனி செட்டாப் பெட்டி வைப்பதாக இருந்தால் இரண்டு வாய் உள்ள எல்என்பி வாங்குங்கள். ஒரு கேபிளைப் பிரித்து ஒப்பேற்ற நினைத்தால் ஒரு பெட்டி மற்றதன் வோல்டேஜைக் குழப்பும்.

பெட்டி: எம்பெக்-4 வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் சேனல்களில் ஒரு பகுதிதான் வரும். புது டிவிகள் சிலவற்றில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. டிவியின் பின்னால் மரை வைத்த இரண்டாவது ஆன்டெனா வாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெட்டிச் செலவே மிச்சம்.

கேபிள்: ஆர்ஜி-6. டிஷ்ஷில் இருந்து பெட்டி வரை ஒரே துண்டாக, 30 மீட்டருக்குள். நடுவில் முறுக்கி ஒட்டுப் போடக் கூடாது. எஃப் கனெக்டர் இரண்டு வேண்டும், நான்காக வாங்குங்கள். முதல் இரண்டு பெரும்பாலும் பழகுவதற்கே போய்விடும்.

இதோடு டிஷ் நிறுத்தும் குழாய், சுவருக்கு எக்ஸ்பான்ஷன் போல்ட், 10, 13 நம்பர் ஸ்பேனர், தூக்குக்குண்டு, ரசமட்டம். கடைசி இரண்டும் இல்லையென்றால் கொத்தனாரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள். சாட்டிலைட் மீட்டரை விட இவைதான் முக்கியம். காரணம் அடுத்து வருகிறது.

எங்கே பார்க்க வேண்டும்

தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், தலைக்கு மேல் வெகு உயரத்தில் நிற்கிறது. வடக்கில் இருந்து வலஞ்சுழியாக அளந்த திசையும், அடிவானத்தில் இருந்து அளந்த உயரக் கோணமும் இப்படி இருக்கும்:

சென்னை: திசை 134 பாகை, உயரம் 68
சேலம்: 126, உயரம் 67.5
திருச்சி: 125, உயரம் 68.5
கோவை: 123, உயரம் 67
மதுரை: 122, உயரம் 68.5
நாகர்கோவில்: 116, உயரம் 69

உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உயரக் கோணம் மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? திசைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆனால் செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் நிற்பதால் திசையில் 3 பாகை தவறினாலும் வானத்தில் அது 1 பாகை நகர்வுதான். உயரத்தில் 3 பாகை தவறினால் முழுசாக 3 பாகையும் போய்விடும். 60 செ.மீ. டிஷ் இரு பக்கமும் ஒன்றரை பாகை அளவுக்குத்தான் பொறுக்கும். ஆக நம் ஊரில் காந்த ஊசியை விடத் தூக்குக்குண்டுதான் முக்கியம். புதிதாகச் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திசைக்காக அரை நாள் திருப்பிக்கொண்டிருப்பார்கள், சாய்வைக் குத்துமதிப்பாக விட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அப்படியே வைப்பதும் சரிப்படாது. டாடா பிளே 83 பாகையில் இருக்கிறது, ஏர்டெல் 108.2-இல். இரண்டும் நமக்கு ஆகாது.

இடம் பார்க்கும்போது தென்னை மரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சிக்னல் செங்குத்தாக இறங்குவதால், டிஷ்ஷில் இருந்து 10 அடி தள்ளி நிற்கும் மரம் டிஷ் மட்டத்துக்கு மேல் 25 அடி உயர்ந்தால்தான் குறுக்கே வரும். தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் மரத்தின் உயரம் இருந்தால் கவலை இல்லை. ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் படர்ந்த முருங்கையும், டிஷ் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு இறவாரமும் நிச்சயம் மறைக்கும்.

மரம் மறைக்கிறதா என்று சந்தேகமிருந்தால் சூரியனிடமே கேட்டுவிடலாம். மார்ச் நடுவில் காலை 11.15 சுமாருக்கும், செப்டம்பர் கடைசி வாரத்தில் 11 மணி சுமாருக்கும் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். நிழல் விழுந்தால் வேறு இடம் பாருங்கள். அதே நாள்களில் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி சில நிமிடம் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு தானாகச் சரியாகும். சூரிய இரைச்சல்தான் காரணம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடாதீர்கள்.

குழாய் நடுதல்

குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமாக, ஒன்றுக்கொன்று குறுக்காக, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப உயரக் கோணமும் தன்னால் மாறும். பட்டையில் 68 என்று காட்டும், டிஷ் 65-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஹாலோ பிளாக் சுவரிலும், காரை உதிரும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் எக்ஸ்பான்ஷன் போல்ட் பிடிக்காது, ஆடி மாதக் காற்றுக்கு வந்துவிடும். ஓட்டு வீடென்றால் கூரையில் எதையும் கட்டாமல், முற்றத்தில் ஒன்றரை அடி குழி எடுத்துக் கான்கிரீட்டில் குழாயை நிறுத்துவதே மேல். கான்கிரீட் இறுகும் வரை, குறைந்தது இரண்டு நாள், டிஷ்ஷை ஏற்றாதீர்கள். குழாய் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் குழி எடுக்க வேண்டும்.

கேபிள் முனை

பத்து வீட்டில் படம் வரவில்லை என்றால் அதில் பாதி இங்கேதான். மெதுவாகச் செய்யுங்கள்.

மேல் உறையை முனையில் இருந்து 15 மி.மீ. சுற்றி அறுத்து உருவுங்கள். பின்னல் கம்பி தெரியும். அதை அறுத்து எறியாமல் பின்னோக்கி மடித்து உறையின் மேல் படிய விடுங்கள். அடியில் இருக்கும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கை 8 மி.மீ. அளவுக்கு உரித்தால் நடுக் கம்பி வெளியே வரும். பிளேடு நடுக் கம்பியைக் கீறக் கூடாது. கீறினால் இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் அந்த இடத்தில் ஒடியும். கனெக்டரைத் திருகி ஏற்றும்போது வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரின் உள்தளத்தோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். நடுக் கம்பி விளிம்புக்கு வெளியே 2 அல்லது 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முடிபோல ஒற்றைப் பின்னல் இழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஷார்ட். பெட்டி ஆன்டெனா ஷார்ட் என்று காட்டும், சில பெட்டிகள் அப்படியே அணைந்து போகும்.

எல்என்பி பக்கம் கனெக்டர் வாய் கீழ் நோக்கி இருக்கட்டும். முடுக்கிய பின் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் என்றால் ஒரே கோடையில் பசை இளகிக் கழன்றுவிடும். கிழிந்த சைக்கிள் டியூபில் ஒரு துண்டை கேபிளில் முன்பே கோத்து வைத்து, கனெக்டரின் மேல் இழுத்து மூடினால் இன்னும் நல்லது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

டிஷ்ஷைத் திருப்புதல்

பெட்டியை அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள். எல்என்பிக்கான 13 அல்லது 18 வோல்ட் அந்தக் கேபிளில்தான் ஏறுகிறது. உயிரோடு இருக்கும்போது மாட்டினால் முனை உரசிப் பெட்டி போய்விடலாம்.

1. மெனுவில் இன்ஸ்டலேஷன் போய் ஜிசாட்-15, 93.5 கிழக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பெட்டியில் இன்சாட்-4பி அல்லது டிடி டைரக்ட் என்று இருக்கும், இடம் அதேதான். எல்என்பி வகை யுனிவர்சல், எல்என்பி பவர் ஆன், 22 கே ஆட்டோ, டிசெக் ஆஃப்.

2. டிஷ் பின்பட்டையில் உயரக் கோணத்தை உங்கள் ஊர் எண்ணுக்கு வைத்துப் போல்ட்டைப் பாதி முடுக்குங்கள். பட்டையில் எண் அழிந்திருந்தால் இப்படிச் செய்யலாம்: 60 செ.மீ. தட்டின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பை விடச் சுமார் ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ளி நிற்க வேண்டும். பார்வைக்குத் தட்டு பாதி மல்லாந்த மாதிரி, 45 பாகையில் இருப்பதாகத் தெரியும். அது சரிதான். நாம் மாட்டும் தட்டு ஆஃப்செட் வகை. தன் முகம் பார்க்கும் திசைக்கு 25 பாகை அளவு மேலே இருந்து சிக்னலை வாங்குகிறது. தட்டை 68 பாகைக்கு அப்பளம் காயப்போட்ட மாதிரி மல்லாத்திவிட்டுச் சிக்னலைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

3. செல்போன் திசைகாட்டியைக் குழாயில் இருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். இரும்புக்குப் பக்கத்தில் ஊசி பொய் சொல்லும். காட்டிய திசையில் தூரத்தில் ஒரு அடையாளம், ஒரு பனைமரமோ தண்ணீர்த் தொட்டியோ, மனதில் வைத்துக்கொண்டு டிஷ்ஷை அதை நோக்கித் திருப்புங்கள்.

4. ஒருவர் டிவி முன்னால், ஒருவர் மாடியில், நடுவில் போன். திரையில் இரண்டு கோடு தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள். எல்என்பிக்குக் கரண்ட் போனாலே அது 60, 70 காட்டும், டிஷ் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காட்டும். கீழே இருப்பவர் குவாலிட்டியை மட்டும் படிக்க வேண்டும்.

5. டிஷ்ஷை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விநாடி நிறுத்துங்கள். பெட்டி சிக்னலைப் பிடித்துக் காட்ட அந்த நேரம் வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாயின் மேல் பிடி 1 மி.மீ. நகர்ந்தாலே டிஷ் இரண்டு பாகைக்கு மேல் திரும்பிவிடும். வேகமாகத் துழாவினால் சரியான இடத்தைத் தாண்டிப்போனதுகூடத் தெரியாது. ஒரு சுற்றில் கிடைக்கவில்லையா, உயரத்தை 1 பாகை கூட்டி மறு சுற்று, அடுத்து 1 பாகை குறைத்து ஒரு சுற்று.

6. குவாலிட்டி எழும்பியதும் திசையில் உச்சம், பிறகு உயரத்தில் உச்சம், கடைசியாக எல்என்பியை அதன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி உச்சம் பாருங்கள். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெயில் நாளில் படம் வரும், தூறல் போட்டதும் போகும் என்றால் பெரும்பாலும் இந்தச் சுழற்சி சரியில்லை.

7. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே போல்ட்டை ஒரேயடியாக முடுக்கினால் தட்டு அந்தப் பக்கம் இழுபடும். முடுக்கும்போதே குவாலிட்டியைக் கேட்டுக்கொண்டிருங்கள். முடிந்ததும் குழாயில் பிடி நிற்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். நாளைக்குக் குரங்கு தொங்கித் திருப்பிவிட்டால் அந்தக் கோடு காப்பாற்றும்.

இனி ஆட்டோ ஸ்கேன் அல்லது பிளைண்ட் ஸ்கேன். பெட்டியில் முன்பே பதிந்திருக்கும் அலைவரிசைப் பட்டியல் பழையதாக இருக்கலாம், அதனால் பிளைண்ட் ஸ்கேன் இருந்தால் அதையே கொடுங்கள். ஸ்கேன் முடிந்து நூற்றுக்கணக்கில் சேனல் பெயர் வந்தும் ஒன்றிலும் படம் ஓடவில்லை என்றால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். 95 பாகையில் டிஷ் டிவி இருக்கிறது. மதுரைப் பக்கம் அது நமக்கு வேண்டிய இடத்தை விட 2.5 பாகை கிழக்கே, 1.5 பாகை கீழே தெரியும். டிஷ்ஷைக் கொஞ்சம் தெற்கே திருப்பி, கொஞ்சம் ஏற்றுங்கள். மறுபக்கம் 91.5-இல் மீசாட் நிற்கிறது, அங்கே போயிருந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தது நின்றால்

பெட்டியை ஆன் செய்து, டிஷ் பக்கக் கேபிள் முனையில் மல்டிமீட்டர் வைத்து நடுக் கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே பாருங்கள். 13-ஓ 18-ஓ வோல்ட் வந்தால் கேபிளும் பெட்டியும் சரி. வராவிட்டால் கேபிளை அணில் கடித்திருக்கலாம். மரக்கிளை உரசும் இடத்தையும் ஓட்டுக்கு அடியில் போகும் இடத்தையும் கையால் தடவிக்கொண்டே போங்கள். வோல்ட் வந்தும் குவாலிட்டி பூஜ்யம் என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பியில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அரையடி வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போடுங்கள். எல்என்பியின் முன்மூடி வெயிலில் வெடித்திருந்தால் உள்ளே தண்ணீரோ குளவிக் கூடோ இருக்கும். அதைச் சரிபார்க்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் பெட்டியின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கேபிளையும் கழற்றி, கேபிள் முனையைப் பெட்டிக்குத் தள்ளிப் போடுங்கள். இடி இறங்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடக் கூடாது, மேகம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். டிஷ் குழாய்க்கு எர்த் கம்பி இறக்கினாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

ரேடியோ: முதலில் இரைச்சலை விரட்டுங்கள்

ரேடியோவில் கதை வேறு. இங்கே அலை வருகிறது, வீட்டில் இருக்கும் பொருள்கள் அதை மூழ்கடிக்கின்றன. புது ரேடியோ வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பேட்டரி போட்டு ரேடியோவை மத்திய அலையில் (ரேடியோவில் MW அல்லது AM என்று இருக்கும்) இரைச்சலோடு ஓட விட்டு, மீட்டர் பெட்டியில் மெயினை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் திருடன் வீட்டுக்குள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தால் அகப்படுவான். மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் வழக்கமானவை. இப்போது மாட்டிய செட்டாப் பாக்ஸின் அடாப்டரும் அதில் ஒன்று. டிவி அணைந்திருந்தாலும் அடாப்டர் சொருகியிருந்தால் மத்திய அலையில் கரகரக்கும். அடாப்டர் ஒயரை ஃபெரைட் என்ற கறுப்புக் காந்தப் பொருளாலான வளையத்தில் ஆறேழு சுற்று சுற்றினால் குறையும்.

விநாடிக்கு ஒரு முறை கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று கேட்டால் யாரோ தோட்டத்தில் சோலார் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அதன் கம்பியைத் தொட்டுப் பொறி பறக்க வைக்கும் செடி கொடியை வெட்டிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மெயினை அணைத்தும் உறுமல் குறையவில்லை என்றால் ஈபி கம்பத்தில் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் எந்தக் கம்பத்தடியில் அதிகம் என்று தெரியும். கம்பத்தின் எண்ணை லைன்மேனிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் தொடாதீர்கள்.

மத்திய அலை

ரேடியோவுக்குள் விரல் நீள ஃபெரைட் தண்டு ஒன்று படுத்திருக்கிறது, அதுதான் ஆன்டெனா. மேலே நீட்டும் குச்சி எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான், மத்திய அலையில் அதை எவ்வளவு நீட்டினாலும் ஒன்றும் ஆகாது. திருப்ப வேண்டியது ரேடியோவையே. தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சத்தம் கூடும், தண்டின் நுனி பார்த்தால் மங்கும். இந்த மங்கல்தான் உண்மையில் பெரிய ஆயுதம். நிலையம் அதிகம் கேட்கும் கோணத்தைத் தேடாமல், இரைச்சல் சாகும் கோணத்தைத் தேடி அங்கே நிறுத்துங்கள்.

சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936, கோவை 999, மதுரை 1269, திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053. இந்த எண்களில் எதை எடுத்தாலும் 9-ஆல் மீதியின்றி வகுபடும், ஏனென்றால் நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோவில் ஸ்டெப் 10 என்று இருந்தால் சென்னை 720 கிடைக்கும், திருச்சி 936 கிடைக்கவே கிடைக்காது. 930, 940 என்று தாண்டிப்போகும். ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாமல் செட்டிங்கில் ஸ்டெப்பை 9 ஆக்குங்கள்.

அதுவும் போதாத இடத்தில் சட்டக ஆன்டெனா ஒன்று கட்டலாம். இரண்டு மரச் சட்டங்களைப் பெருக்கல் குறியாக ஆணி அடித்து, நாலு முனையிலும் சீப்புப் பல் போல வெட்டுகள் போட்டுக்கொள்ளுங்கள். 60 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக 12 சுற்று, சுற்றுக்கும் சுற்றுக்கும் 6 மி.மீ. இடைவெளி, மொத்தம் 29 மீட்டர் ஒயர். மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒயரே போதும். பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய கேங் கண்டன்சரை (நிலையம் மாற்றத் திருகும் பாகம்) ஒயரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பற்றவைத்தால் முடிந்தது. கரண்டும் வேண்டாம், ரேடியோவோடு ஒயர் இணைப்பும் வேண்டாம். ரேடியோவைச் சட்டகத்துக்கு உள்ளே, அதன் ஃபெரைட் தண்டு சட்டகத்தை ஊடுருவிப் போவது போல வையுங்கள். நிலையத்தை மங்கலாகப் பிடித்துக்கொண்டு கேங்கை மெல்லத் திருகினால் ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று எழும்பும். பிறகு சட்டகத்தையும் ரேடியோவையும் சேர்த்தே திருப்பி இரைச்சலைக் கொல்லுங்கள். அலைவரிசை மாற்றும்போதெல்லாம் கேங்கையும் திருக வேண்டும்.

நீளக் கம்பியை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டும் பழைய வழியும் வேலை செய்யும். ஆனால் மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ அது குறுக்கிடவே கூடாது.

எஃப்எம்

எஃப்எம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை வரும் அலை, அதனால் உயரம்தான் எல்லாம். கொடைக்கானல் 100.5 மலை உச்சியில் இருந்து இறங்குவதால்தான் இத்தனை மாவட்டங்களில் கேட்கிறது. குன்றுக்குப் பின்னால் இருக்கும் ஊரில் ரேடியோவை ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே தெளிவதும் உண்டு. பாறையில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையோடு மோதுவதால் அப்படி.

பழைய மீன்முள் ஆன்டெனாவின் அலுமினியக் குழாயில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நீளம் செ.மீ.-இல் எவ்வளவு என்பதற்கு 7150-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். கொடைக்கானல் 100.5-க்கும் நாகர்கோவில் 101-க்கும் 71 செ.மீ., திருச்சி 102.1-க்கு 70, மதுரை 103.3-க்கு 69. இரண்டையும் ஒரு பிவிசி குழாயில் ஒரே கோட்டில், நடுவில் 2 செ.மீ. விட்டுப் பொருத்தி, ஒன்றில் டிவி கேபிளின் நடுக் கம்பியையும் மற்றதில் பின்னலையும் திருகாணியால் இறுக்குங்கள். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, பற்றவைக்க முயலாதீர்கள். நிலையத்தின் கோபுரத்துக்கு எதிர்ப்பக்கமாக 60 செ.மீ. பின்னால் 150 செ.மீ. நீளத்தில் வெட்டுப்படாத ஒரே குழாயை அந்த இரண்டு துண்டுக்கும் இணையாகப் பொருத்தினால் அது பின்பக்கம் வருவதைத் தடுத்து முன்பக்கத்தைக் கூட்டும்.

மாடியில் ஏற்றி, குழாய்களின் நுனி அல்ல, பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். படுக்கையாக வைத்தும் நிமிர்த்தி வைத்தும் கேட்டுப்பார்த்து எது தெளிவோ அதில் முடுக்குங்கள். கீழே கேபிளின் நடுக் கம்பியில் முதலைக் கிளிப் மாட்டி ரேடியோவின் குச்சியைக் கவ்வ விடுங்கள், பின்னலைப் பேட்டரியின் மைனஸ் ஸ்பிரிங்கில் தொடுக்கலாம். மாட்டியதும் எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்டால் ஆன்டெனா கெடவில்லை, சிக்னல் அளவுக்கு மீறிவிட்டது. கிளிப்பைக் குச்சியில் நேராகக் கவ்வ விடாமல், உறை உள்ள ஒயரைக் குச்சியின் மேல் நாலு சுற்று சுற்றி விட்டால் போதும்.